ஊருக்குள் யார் மிச்சம்?

புதுக்கோட்டை பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். திருவரங்குளத்தில் ஏறிய அம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்ததும், நான் பேப்பரைப் படிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன்.

“எங்க வீட்டுக்காரரு என்னைய ஊரவிட்டு விலக்கி வச்சிருக்காருங்க.”

“கட்டுன புருசன் எப்படிங்க ஊரவிட்டு விலக்குவாரு?”

“அவருதானே ஊரு அம்பலகாரரு! முத்தையா அண்ணன் மகன் வேற சாதியில பொண்ணு கட்டுனான்னு அந்த வீட்ட விலக்கி வச்சாரு. அவுகளோட பேசுனா பேசுனவுகளும் விலக்குன்னாரு. அவுகளுக்கு எண்ணெ குடுத்த கடைக்காரரு விலக்குல போனாரு. அவருகிட்ட வாங்குனவுக போனாக. இப்புடியே ஊரே போயி, நானும் அவருந்தான் மிச்சம்.”

“அப்பறம் நீங்க?”

“முத்தையா அண்ணன் பேரப்புள்ளைக்கிக் காச்சல். கசாயம் கொண்டுபோயிக் குடுத்தேன். கேக்க ஒரு ஆளு இல்ல, இருந்தாலும் கோயில் வாசல்ல நின்னு எம்பேரையும் சத்தமாச் சொல்லிப்புட்டாரு. அன்னையிலேருந்து பேச்சில்ல. இருமுவாரு, நான் சோறு போடுவேன்.”

பக்கத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரிக்காதீங்க. இன்னைக்கிக் கொழம்புல வேணும்னே உப்புப் போடல. உப்புச் சட்டியையும் ஒளிச்சுப்புட்டேன். ஒரு வாய் வச்சாரு. இருமுனாரு. நான் திரும்பல. ‘அடியே, உப்பு எங்க?’ன்னு கேட்டுப்புட்டாரு.”

“ஆத்தாடி! அப்ப அவரும் விலக்குத்தானே?”

“பின்ன?”

“அப்ப ஊருக்குள்ள யாருங்க மிச்சம்?”

அம்மாள் யோசித்தாள்.

“கோயில் காளை ஒண்ணு இருக்கு. ஆனா அதுவும் முத்தையா அண்ணன் வீட்டு வைக்கலத்தான் திங்கிது.”