திரேசம்மாவின் மூன்று கடிதங்கள்

கடிதம் வாசிக்க முன்னர் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வேன். ஒரு சொல்லும் பிழைத்துவிடக் கூடாது என்பதில் எனக்கு அப்படியொரு கவனம், பிள்ளைகள். எண்பத்தைந்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில், ஊரைவிட்டு வந்த எங்கட சனம் குடியிருந்த கட்டடத்தில் பிரெஞ்சு வகுப்பை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். ஞாயிறு மதியம் எல்லாரும் அரசாங்கத்தின் பழுப்பு உறைகளோடு என் குசினிக்கு வருவார்கள். நான் சொன்னதுதான் அரசாங்கம் சொன்னது.

திரேசம்மாவும் வருவாள். மட்டக்களப்புக்காரி. முன்பு எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றி, நகரத்துக்குத் தெற்கே தோட்டங்களுக்குக் கொண்டுபோவார்கள். ஒரே வரிசையில் குனிந்து வெள்ளரிக்காய் பிடுங்கினோம். எனக்கு நாரி விட்டுப்போய் நிமிர முடியாமல் நின்றுவிட்டேன். அவளுக்கு அந்த மண் ஒத்துக்கொண்டது. பிள்ளையில்லாத தோட்டக்காரக் கிழவர் பத்து ஏக்கரை அவளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். புதிதாகக் கமம் தொடங்குபவர்களுக்கு அரசாங்க மானியம் உண்டென்று சொன்னவரும் அவர்தான். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான். கிடைக்காது என்று நினைத்துத்தான் நிரப்பினேன்.

கிடைத்தது. அவளுடைய பெயரை அச்சடித்த காசோலை. நான் அப்போது ஹொட்டலொன்றில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். அவள் சேறு காயாத சப்பாத்தோடு மெட்ரோவில் வந்து இறங்குவாள், உடையார் வீட்டுப் பெண் மாதிரி.

"இந்தக் காசு தொடர்ந்து வந்தாத்தான் கிளியை இங்க கூப்பிடலாமாம் அக்கா. வருமானம் காட்டணுமாம்," என்றாள். "நீங்கதான் எனக்குப் பிரெஞ்சு வாய்."

கிளி அவளுடைய ஒரே மகள். பதினேழு வயது. மட்டக்களப்பில், கன்னியர் மடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

எண்பத்தாறு புரட்டாதியில் முதற் கடிதம் வந்தது. நிலத்தில் தானே கமம் செய்வதாக அவள் முப்பது நாளுக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்; தவறினால் மானியம் நிற்கும். இரண்டு தரம் வாசித்தேன்.

"என்னவாம் கா?"

"ஒண்டுமில்லை, திரேசம்மா. நல்ல விளைச்சலெண்டு வாழ்த்துச் சொல்லியிருக்கினம்."

"பாருங்களன். நம்மட ஊர்க் கந்தோர்ல இருக்கக் கதிரையும் தரமாட்டானுகள்."

சிரித்துக்கொண்டே ஒரு பை கத்தரிக்காயை வைத்துவிட்டுப் போனாள். நல்ல பிஞ்சுக் காய்.

இரண்டாவது, மார்கழியில். கடைசி அறிவித்தல். காசு வரச் சுணங்குமாம், பொறுக்கட்டாம் என்றேன். பொறுத்தாள்.

மானியம் நின்றது. குத்தகை போனது. வருமானம் போதாது, மகளைக் கூப்பிட முடியாது என்று குடிவரவுக் கந்தோரில் நேரிலேயே சொல்லிவிட்டார்கள். என் குசினியில் இருந்து அழுதாள். முகத்தைத் துடைத்துவிட்டேன். "பேந்து பாப்பம்," என்றேன். நான்தான் அவளுக்கு ஹொட்டலில் வேலை எடுத்துக் கொடுத்தேன். கட்டிலின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அந்த வருஷம் எனக்கு நல்ல நித்திரை.

மூன்றாவது, எண்பத்தெட்டில். நிவாரண நிறுவனமொன்றின் ஆங்கிலக் கடிதம். சண்டைக்குள் அகப்பட்டுக் கிளி செத்து ஐந்து மாதம் என்றிருந்தது. திரேசம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை சுகமாம்," என்றேன். "இந்தியாவுக்குப் போயிட்டாளாம். விலாசம் பேந்து வருமாம்."

அதன் பிறகு சம்பளம் எடுக்கிற நாட்களில் கிளிக்கென்று ஒரு சட்டை வாங்கிவந்து என்னிடம் காட்டுவாள். பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று கொஞ்சம் பெரிதாகவே எடுப்பாள். நிறம் நல்லாயிருக்கு என்பேன்.

முதலிரண்டு கடிதங்களையும் பொறாமையில்தான் மாற்றி வாசித்தேன், ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதை மட்டும், பிள்ளைகள், அவள் மேலுள்ள பட்சத்தில்தான் மாற்றினேன். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்.