திவாகருக்குக் கட்டுன கயிறு

இல்ல மாமா, நான் சண்ட போட வரல. நீங்க பாட்டுக்கு வெளக்கத் தொடைங்க. இந்தப் படியில உக்காரலாம்தானே? பன்னெண்டு மணி நேர ஷிப்ட்டு முடிச்சு, பேக்டரி பஸ்ஸ கோயில் முன்னுக்கே நிப்பாட்டச் சொல்லி எறங்கிட்டேன். வீட்டுக்குக்கூட போகல.

யாரு, குஞ்சம்மாக்காவா சொன்னாங்க? நெனச்சேன். அந்தக்காவுக்கு பஸ்ஸுல பின்சீட்டுதான் பார்லிமெண்டு. மோகனாம்மா பூசாரி இருளாண்டிய ஒரு வழி பண்ணப் போறா, புருசன் திவாகரு கையில கட்டுன கயித்த இப்பவே அவுன்னு கேக்கப் போறான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்களாம். நல்லாத்தான் பேசுறாங்க. வெள்ளிக்கிழம எப்படியும் அவுக்கத்தானே போறீங்க, ஒரு வருசக் கெடு முடியுதில்ல? ரெண்டு நாளைக்காக நான் எதுக்கு வந்து கத்தப் போறேன்?

சும்மா பேசலாம்னுதான் மாமா வந்தேன். எங்க லைன் லீடர் ஒரு சீனப் பொண்ணு. போன வாரம் கேக்குது, உங்க ஆளுங்க கையில மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டு திரியிறாங்களே, அது எதுக்குன்னு. நான் வெளக்கமா சொன்னேன். எங்க எஸ்டேட்டுல முனியாண்டி கோயில் இருக்கு, குடிய விட முடியாதவன் அங்க போயி உள்ளங்கையில கற்பூரத்த ஏத்தி, இன்னின்னத தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுவான், பூசாரி கயிறு கட்டுவாரு, கெடு முடிஞ்சதும் அவுத்து கோலா சுங்கை பாரு கடல்ல கொண்டுபோயி விட்டுருவோம்னு. அதுக்கு ஒரே ஆச்சரியம். வேல செய்யுமான்னு கேக்குது. ஏன் செய்யாது, கட்டுனவன் சம்சுச் சாராயக் கட வாசல்ல நின்னாலே கை எரியுதுன்னு ஓடியாந்துருவான்னு சொன்னேன். சரி, உன் புருசன் ரொம்பக் குடிப்பாரான்னு கேட்டுச்சு பாருங்க, நான் என்ன மாமா சொல்ல? ஆமா, கொஞ்சம் குடிப்பாருன்னு சொல்லிட்டேன். பாவம், அந்த மனுசன் தீவாளிக்குக்கூட ஒரு சொட்டு வாயில வச்சதில்ல.

சிரிக்காதீங்க லா. நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு வருது.

ஆனா போன வருசம் கோயில் கமிட்டியில நடந்த கூத்து இருக்கே, அத நெனச்சா இன்னும் சிரிப்புத்தான். நான் அழுதுக்கிட்டு நிக்கிறேன், அது வேற. மூணாவது தடவையா மலாக்காவுல அந்த கரோக்கே கடையில இவரப் பாத்துட்டு வந்து ஆளுங்க சொல்லிட்டாங்க. சுங்கை ஊடாங்குல வெல்டிங் வேல முடிஞ்சு பஸ் ஏறுனா நேரா அங்கதான். ஒருத்தியா, ரெண்டு பேரா, கணக்கில்ல. வீட்டுல அலமாரி மேல துணிக்கு அடியில அந்த மாதிரி வீடியோ டேப்பு பதினாலு. கேட்டா, என்னால முடியல மோகனாம்மா, விடணும்னுதான் நெனக்கிறேன், காலு தானா போகுதுங்கிறாரு. அழுவுறாரு வேற. சத்தியமா அழுதாரு மாமா, நடிப்பில்ல. அதான் இங்க இழுத்துக்கிட்டு வந்தேன்.

வந்தா, எஸ்டேட்டு ஆபீஸ்ல கணக்கெழுதுற சிவசாமி கிராணி அந்த இங்கிலீசு பத்திரிகைய விரிச்சு வச்சுக்கிட்டாரு. வெளிநாட்டுல டாக்டருங்க இதையும் குடி மாதிரி ஒரு பழக்கம்னு சொல்றாங்க, அடிக்ஷனாம், மண்டைக்குள்ள அதே எடத்துலதான் புடிக்குமாம், அதனால இது வியாதி, ஆளத் திட்டக் கூடாது, கயிறு கட்டலாம்னாரு. மருதமுத்து தாத்தா எந்திரிச்சு துண்ட ஒதறுனாரே, ஞாபகமிருக்கா? டேய் கிராணி, அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நானூறு ரப்பர் மரத்துல பால் வெட்டுனவனுக்கு இந்த வியாதி வந்துச்சாடா? இது வியாதி இல்லடா, கொழுப்பு, வேலயக் கூட்டிக் குடுத்தா எறங்கிரும்னு. கிராணி விடுவாரா? அப்ப குடிக்கிறவனும் கொழுப்புத்தானே தாத்தா, அவனுக்கு மட்டும் எதுக்குக் கயிறுங்கிறாரு. தாத்தா சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. கள்ளு ஒரு சாமான்டா. வேணாம்னா தள்ளி வச்சுரலாம். இது சோறு மாதிரி. சோறு அதிகமாத் தின்னா வயிறு கெடும், அதுக்காக இனிமே சோறே திங்கமாட்டேன்னு எவனாச்சும் சத்தியம் பண்ணுவானா?

ஒன்ற மணி நேரம் மாமா! என் வீட்டுக் கதைய வச்சு ஆறு ஆம்பளைங்க ஒன்ற மணி நேரம் பேசுனீங்க. முனியம்மாக்கா கோப்பி போட்டுக் குடுத்தாங்க. அவரு அந்தத் தூணுல சாஞ்சு தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு, ஸ்கூல்ல அடி வாங்க நிக்கிற பையன் மாதிரி.

இல்ல மாமா, உங்களக் குத்தம் சொல்லல. நீங்க என்ன பண்ணுவீங்க? கைக்கு அடங்காதது எதுவா இருந்தாலும் முனியாண்டி பாத்துக்குவான்னு முடிச்சு வச்சீங்க. நல்ல முடிவுதான். கற்பூரம் எரியுது, மணி அடிக்குது, அவரு கை சுடுது, சீக்கிரம் சொல்லணும். குடிக்கு எப்படிச் சொல்லுவீங்களோ அதே மாதிரி சொல்லிட்டீங்க. குடிக்கு என்ன சொல்வீங்க? கள்ளு, சம்சு, பீரு, எதையும் தொடமாட்டேன். இதுக்கு, பொம்பளைன்னு ஒருத்தியையும் தொடமாட்டேன், முனியாண்டி மேல ஆண. அவரும் அப்படியே திருப்பிச் சொன்னாரு. எல்லாரும் விழுந்து கும்புட்டோம். ஒருத்தருக்கும் ஒன்னும் ஒரைக்கல.

அன்னைக்கு ராத்திரி அவரு பாய எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டாரு. நீயும் பொம்பளதானேங்கிறாரு. ஒரு வாரம் கழிச்சு கிராணிக்குத் தெரிஞ்சு தலையில கைய வச்சுக்கிட்டு உங்ககிட்ட ஓடியாந்தாரு. நீங்க மாத்த முடியாதுன்னுட்டீங்க. வீட்டுல மட்டும் குடிச்சுக்கலாம்னு எவனுக்காச்சும் கயிறு கட்டியிருக்கோமா, சொன்ன வார்த்த சொன்னதுதான்னு. அது நியாயம்தானே மாமா? முனியாண்டிகிட்டப் போயி, அன்னைக்குச் சொன்னதுல கொஞ்சம் திருத்தம் இருக்குன்னு சொல்ல முடியுமா?

அதுக்கப்புறம் பஸ்ஸுல என் பாடு பெரும்பாடு. ஏறுனதும் குஞ்சம்மாக்கா, என்ன மோகனாம்மா, கயிறு எப்படி இருக்கு, நைஞ்சு போச்சாம்பாங்க. அன்னம்மா, எனக்கும் ஒன்னு கட்டிவிடச் சொல்லு, எங்க ஆளு கொறட்டைய நிறுத்தணும்னுவா. பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காம என்ன பண்ண?

ஆனா கேளுங்க, அவரு கயித்துக்கு மருவாத குடுத்தாரு. ஒரு தடவ, சம்பளம் போட்ட அன்னைக்கு, அந்தக் கடை மாடிப்படி வரைக்கும் போயிட்டாராம். கைப்பிடியப் புடிக்கையில கயிறு தெரிஞ்சிருக்கு. எறங்கி வந்துட்டாரு. வாரையில பாசார்ல முருங்கக்கா ஒரு கட்டு வாங்கிட்டு வந்து, என் முன்னுக்கு வச்சுட்டு, நடந்தத அப்படியே சொன்னாரு. முருங்கக்கா வாங்கத் தோணுச்சு பாருங்க மனுசனுக்கு!

டாக்டரா? ஆமா, போனோம். கிராணிதான் மலாக்கா டவுனுல ஒரு கிளினிக்குக்கு எழுதிக் குடுத்தாரு. அந்த டாக்டரு வேற கட்சி. இதையெல்லாம் அடிக்ஷன்னு எங்க புஸ்தகத்துல இன்னும் எழுதல மா, சண்ட நடந்துக்கிட்டு இருக்கு, பாதிப் பேரு ஆமாங்கிறாங்க, பாதிப் பேரு சும்மா தப்பு பண்ணிட்டு வியாதின்னு ஒளிஞ்சுக்கிறாங்கன்னு சொல்றாங்கன்னாரு. அவரு சொன்னதும் நான் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். அங்கயும் ஒரு கிராணி, ஒரு மருதமுத்து தாத்தா! அப்புறம் என்கிட்ட கேட்டாரு, உங்க வீட்டுக்காரரு வாரத்துக்கு எத்தன தடவ வெளிய போவாருன்னு. சொன்னேன், எழுதிக்கிட்டாரு. அவ்வளவுதான். வேற ஒன்னும் என்கிட்ட கேக்கல.

நீங்களும் கேக்கல. தப்பா எடுத்துக்காதீங்க மாமா, நீங்க எப்படிக் கேப்பீங்க, எங்கப்பா வயசு. வெளிய எத்தன தடவன்னு எல்லாரும் கேட்டீங்க, உள்ள எத்தனன்னு யாரும் கேக்கல. அதத்தான் சொல்றேன்.

வெக்கமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு வெளக்கத் தொடைங்க. நானும் வாசல்ல மேயிற அந்த வாத்தப் பாத்துக்கிட்டே பேசுறேன்.

காலு தானா போகுதுன்னாருல்ல? வெளிய போகாத அன்னைக்கு அது எங்க போகும்? பதினோரு வருசம் மாமா. காய்ச்சலா இருந்தாலும் சரி, ரெண்டு ஷிப்ட்டு பாத்துட்டு வந்தாலும் சரி, எம் பொண்ணு மோகனா பொறந்து முப்பது நாளு ஆகலன்னாலும் சரி. அடிக்கமாட்டாரு. கெஞ்சுவாரு, அப்புறம் மொறைப்பாரு. இன்னைக்கு வேணாம்னு ஒரு நாளு சொன்னா மறுநாளு மலாக்காவுக்கு பஸ் ஏறிருவாரு. ஊரு என்ன சொல்லும்? வீட்டுல இவ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் வெளிய போறான்னு. குஞ்சம்மாக்காவே சொன்னாங்க, என் மூஞ்சிக்கு நேரா. அதுனால நான் வேணாம்னு சொல்றதையே விட்டுட்டேன். ஒரு கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே படுக்கப் பழகிட்டேன்.

நீங்க கயிறு கட்டுனீங்க இல்ல, அதுக்கு மறுநாளு நான் வேலைக்குப் போகல, ஞாபகமிருக்கா? பஸ்ஸு வந்து ஹாரன் அடிச்சுட்டுப் போயிருச்சு. என்னமோ சண்டன்னு பேசிக்கிட்டாங்க. சண்டையெல்லாம் இல்ல. தூங்கிட்டேன். எட்டு மணி வரைக்கும் அசையாம தூங்கியிருக்கேன், மோகனா பயந்து போயி தட்டி எழுப்புனா.

இன்னொன்னு சொல்றேன். ஆறு மாசம் இருக்கும். சாப்புட்டுக்கிட்டு இருக்கையில தலையத் தூக்காமலே கேக்குறாரு, உனக்கு பேக்டரியில என்ன வேலன்னு. பதினோரு வருசத்துல மொத தடவ மாமா! மைக்ராஸ்கோப்பு வச்சு, தலமுடிய விட மெல்லிசான கம்பி ஒட்டியிருக்கா இல்லையான்னு பாக்குற வேலன்னேன். அப்படியா, வெல்டிங்குதான் அதுவும்னாரு. அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் வெல்டிங் பத்தியே பேசுனோம். எனக்கு அந்த மனுசன இப்பத்தான் புடிக்க ஆரம்பிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு.

நேத்து கமிட்டி போட்டீங்களாமே. கிராணி வீட்டுக்கே வந்து சந்தோசமா சொல்லிட்டுப் போனாரு. வெள்ளிக்கிழம பழைய கயித்த அவுத்துட்டு, புதுசு கட்டப் போறீங்க, இந்தத் தடவ வார்த்தையெல்லாம் சரியா எழுதியே வச்சாச்சு, கட்டுன பொண்டாட்டியத் தவிர வேற பொம்பளையத் தொடமாட்டேன்னு. மருதமுத்து தாத்தாகூட தலையாட்டிட்டாராம். எல்லாம் உனக்காகத்தான்மா, நீ ஒரு வருசமா பட்ட கஷ்டம் எங்களுக்குத் தெரியாதான்னாரு. நான் கோப்பி போட்டுக் குடுத்து அனுப்பினேன்.

அது வியாதியா கொழுப்பான்னு நீங்க எல்லாரும் இன்னும் பத்து கமிட்டி போட்டுப் பேசிக்குங்க மாமா, எனக்கு ஒன்னுமில்ல. வெள்ளிக்கிழம கட்டும்போது போன வருசம் சொன்னதையே சொல்லிருங்க. அந்தத் ‘தவிர’ங்கிற வார்த்த மட்டும் வேணாம். யாராச்சும் கேட்டா முனியாண்டி உத்தரவு குடுக்கலன்னு சொல்லிக்குங்க, நான் வந்து கேட்டேன்னு தெரிய வேணாம்.