நாலடி மிஷின்

— நீயே நாயத்த சொல்லு அஸ்கர் பாய். நாங்க ஒட்றதெல்லாம் வண்டி நம்பர் ப்ளேட்டு, கம்பெனிக்கு "அபாயம்" போர்டு. இதுக்கு ரெண்டடி அகலமே போதும், எம் பொண்டாட்டிக்கு நாலடி ஸ்டிக்கர் கட்டிங் மிஷின் வேணுமாம். காலையிலேர்ந்து ஒரே பேஜாரு.

— ஏன் வரதா டென்ஷன் ஆவற? ஒக்காரு. தங்கச்சி, நீயும் ஒக்காரும்மா. கல்பனாதானே பேரு? நான் யாவாரி, பெருசு வித்தா எனக்குத்தான் லாபம். ஆனா பொன்னேரியில யாரையும் ஏமாத்தி நான் மிஷின் வித்ததில்ல, ரைட்டா? சொல்லு, உனக்கு எதுக்கு நாலடி?

— சிப்காட்ல ஒரு கம்பெனி கேட்டுக்கு ஆள் உசரத்துக்கு எழுத்து கேட்டாங்க பாய். ரெண்டடி மிஷின்ல அத்த எப்டி வெட்றது?

— அது போன வருசம் கல்பனா. ஒரே ஒரு தபா.

— அதையும் வேற ஆளுக்குதான குட்த்தாங்க? நம்மகிட்ட மிஷினே இல்லன்னு.

— தங்கச்சி, அப்டி வந்தா ரெண்டு துண்டா வெட்டு. மேல் துண்டு கீழ் துண்டு மேல கொஞ்சம் ஏறி நிக்கற மாதிரி ஒட்டு. மழ பேஞ்சாலும் தண்ணி வழிஞ்சு போயிடும், ரைட்டா? தவிர, பெரிய எழுத்தெல்லாம் இப்ப ஃப்ளெக்ஸ் பேனருக்குப் போயிடுச்சு. உங்களுக்கு நிக்கப் போறது சின்ன எழுத்துதான்.

— அது கெடக்கட்டும் பாய். ரேடியம் ஸ்டிக்கரு நாலடி ரோலா வாங்குனா நமக்கு மிச்சமாவும்ல?

— நீ நாலடி ரோலே வாங்கு. நானே நடுவுல அறுத்து ரெண்டு ரோலா தர்றேன்.

— அதுவும் கெடக்கட்டும். பெருசுன்னா வேலையாவது சீக்கிரம் முடியும்.

— மிஷின் வெட்றது ரெண்டு நிமிசம்மா. அப்புறம் ஊசிய வெச்சுகிட்டு வேணாத்தையெல்லாம் உரிக்கறது யாரு? அதுலதான் நேரம் போவுது. தமிழ் எழுத்துன்னா இன்னும் மோசம், புள்ளியும் சேந்து பிச்சுகிட்டு வந்துடும். அதுக்கு நாலடியும் ஒண்ணுதான், ரெண்டடியும் ஒண்ணுதான்.

— அப்டிச் சொல்லு பாய்! அந்த உரிக்கற வேலைய இவ ஊட்லயே ஒக்காந்து பண்ணட்டும்னுதான் நான் சொல்றேன். ரெண்டடின்னா எங்க முன் ரூம்புல டிவி பக்கத்துல வச்சுக்கலாம். எங்கம்மாக்கும் ஒரு தொண. மீஞ்சூர்லேர்ந்து கும்முடிப்பூண்டி கடைக்கு டிரெயின்ல தொங்கிக்கினு வர வேணாம். கடைய நான் பாத்துக்கறேன். நாலடி வந்துச்சுன்னு வை, எங்கம்மா கட்டில தெருவுலதான் போடணும். ஊட்ல எடமே கெடையாது.

— நல்ல யோசனைதானே தங்கச்சி? இன்னாம்மா இது, கண்ண தொடைக்கற?

— ஒண்ணுமில்ல பாய்.

— கல்பனா, நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?

— ஊட்ல எடமில்லன்னுதான்யா நான் நாலடி கேக்கறேன்.

— இன்னாது?

— உன்ன கட்டிக்கறதுக்கு முன்னாடி மீஞ்சூர் டிடிபி சென்டர்ல கம்ப்யூட்டர்ல வேல பாத்துக்கினு இருந்தேன். காலையில தல வாரிக்கினு, நல்ல பொடவையா பாத்து கட்டிக்கினு கெளம்புவேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க வர்றவங்க, "மேடம், இந்த எழுத்து நல்லா கீதா"ன்னு என்னத்தான் கேப்பாங்க. இப்ப அஞ்சு வருசமா நைட்டியோட ஊட்லயே கீறேன். மிஷினும் அங்கியே வந்துட்டா இன்னா ஆவும்? சோறும் ஆக்கணும், தண்ணியும் புடிக்கணும், நடுவுல ஸ்டிக்கரும் உரிக்கணும். நீ கடையில நின்னுக்கினு, "எங்க ஊட்ல வெட்டித் தர்றாங்க"ன்னு சொல்லுவ. எனக்கு ஒரு கஸ்டமர் மூஞ்சி கூட தெரியாது.

— அட, ரெண்டடியே வாங்கி கடையில வச்சா போச்சு. இத்த வாயத் தொறந்து சொல்றதுக்கின்னா?

— வைப்ப. ஒருநாள் புள்ளைக்கு ஜொரம் வரும். இன்னொரு நாள் உங்கம்மா, "கால் வலிக்குதுடா வரதா, அந்த மிஷின ஊட்டுக்கு எத்துக்கினு வந்துடேன்"ம்பாங்க. நீயும் ஷேர் ஆட்டோல போட்டு எத்துக்கினு வந்துடுவ. நீ கெட்டவன்னு சொல்லலய்யா. அம்மா கேட்டா உனக்கு மாட்டேன்னு சொல்ல வராது. அதான், தூக்க முடியாத மிஷினா குடுங்கன்னு பாயாண்ட வந்து நிக்கறேன்.

— வரதா, நான் வேணா டீ சொல்லிட்டு வர்றேன். நீங்க ரெண்டு பேரும் பேசுங்க.

— பேசறதுக்கு ஒண்ணுமில்ல பாய். ரெண்டடியே போடு.

— பாத்தியா பாய்? இத்தினி நேரம் நான் செவுத்தாண்டதான் பேசிக்கினு இருந்தேன்.

— இரு கல்பனா, முடிச்சுக்கறேன். பாய், மிஷின கும்முடிப்பூண்டி கடையில எறக்கிடு. தரையில ஓட்ட போட்டு, ஸ்டாண்டுக்கு நாலு போல்ட்டு எறக்கி, மேல சிமெண்ட்டும் பூசிடறேன். எங்கம்மா கேட்டாலும் சரி, நானே மனசு மாறுனாலும் சரி, அத்த ஊட்டுக்கு எத்துக்கினு போவ முடியக்கூடாது.