ஜெயசங்கருக்கு நான் செய்த அஞ்சலிப் படம்

என் பெயர் லோஷினி, தந்தை பெயர் மணியம். வயது பதினேழு. ஐந்தாம் படிவ மாணவி. ஜொகூர், ரெங்கம், தாமான் செம்பாக்காவில் பெற்றோருடன் வசிக்கிறேன். கைப்பேசிக் கடை நடத்தும் ஜெயசங்கர் என்பவர், நான் அவருக்குக் கொலை மிரட்டல் விடுத்ததாகப் புகார் கொடுத்திருக்கிறார். அது தொடர்பாக, என் தாயார் சந்திரமதி உடனிருக்க, காவல் நிலைய சார்ஜன் விஜயன் அவர்களிடம் இதைத் தமிழில் சொல்கிறேன்.

என் தந்தை பள்ளி வேன் ஓட்டுகிறார். அவருக்கு இனிப்பு நீர் எனப்படும் சர்க்கரை நோய் உண்டு. மது அருந்தும் பழக்கம் கிடையாது. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பசியாறாமல் மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போனவர், செம்பனைத் தோட்டச் சாலையில் மயங்கி விழுந்தார். அவ்வழியே வந்தவர்கள் ஆம்புலன்ஸை அழைத்துக் குளுவாங் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அந்நேரம் என் தாயார் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வரலாற்றுப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் காளியம்மா கைப்பேசியை நீட்டியபடி அழுதுகொண்டே உள்ளே வந்தார். அதில், ஜெயசங்கர் நடத்தும் 'ரெங்கம் உறவுகள்' என்ற முகநூல் பக்கத்தில், என் தந்தைக்குக் கண்ணீர் அஞ்சலிப் படம் போடப்பட்டிருந்தது. திருவிழாவில் மஞ்சள் வேட்டியுடன் எடுத்த படத்தை வெட்டி எடுத்து, சுற்றிலும் மாலையும் இருபுறமும் குத்துவிளக்கும் வைத்திருந்தார். அதற்குக் கீழே என் தந்தை சாலையோரம் கிடந்த படமும் இருந்தது. சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. 'குடிபோதையில் விபத்து எனத் தகவல்' என்று ஒரு வரியும் எழுதியிருந்தார்.

எங்கள் ஊரில் யார் இறந்தாலும் இப்படி ஒரு படம் கைப்பேசிக்கு வந்த பிறகுதான் ஆட்கள் புறப்படுவார்கள். படம் வந்துவிட்டால் அப்புறம் யாரும் எதையும் விசாரிப்பதில்லை. அதை எல்லோருக்கும் முந்திப் போடுபவர் ஜெயசங்கர். அதில் அவருக்குப் பெருமை. அன்றும் யாரும் மருத்துவமனைக்குப் பேசிக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதன் பிறகு வீடு நிறைந்துவிட்டது. ஆண்கள் வாசலில் கூடாரத்துக்குக் கம்பிகளை இறக்கினார்கள். காளியம்மா தன் முந்தானையால் என் தாயாரின் நெற்றிப் பொட்டைத் துடைத்தார். என் தாயார் தடுக்கவில்லை. கல்லில் தோசை கருகும் வாடை வந்ததால் நான் போய் அடுப்பை அணைத்தேன். அப்போது என் தாயாரின் கைப்பேசி ஒலித்தது. நான்தான் எடுத்தேன். மருத்துவமனையிலிருந்து பேசிய தாதி, என் தந்தையிடம் கொடுத்தார். "லோஷி, வேன் சாவி என் சிலுவார் பாக்கெட்ல இருக்கு. திங்கக்கிழமைக்கு யாரையாச்சும் ஓட்டச் சொல்லும்மா" என்றார். அப்பா பேசுகிறார் என்று நான் கத்தியபோது, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றே ஜெயசங்கருக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். அவர் அந்தப் படத்தை எடுக்கவில்லை. கருத்துப் பகுதியில் 'உயிரோடு இருப்பதாக ஒரு தகவல்' என்று மட்டும் போட்டார். குடிபோதை என்ற வரி அப்படியே இருந்தது. குடிகாரன் வண்டியில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்று அதன் கீழே பலர் எழுதினார்கள். அந்த வாரத்திலேயே பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள்.

அதன் பிறகு நானும் என் தாயாரும் அவர் கடைக்குச் சென்றோம். "அண்ணே, அந்தப் படத்த எடுத்துருங்க. எங்கப்பா குடிக்கலன்னு அதே பக்கத்துல ஒரு வரி எழுதுங்க" என்று கேட்டேன்.

"அலமாக், நல்ல மனசோட போட்டதும்மா. எத்தன பேரு பிரார்த்தன பண்ணாங்க, பாத்தியா? எல்லாம் ஷேர் போயிருச்சு. இனி எடுத்து என்னா லா பண்றது?" என்றார்.

அவருடைய பக்கத்தின் தலைப்பிலேயே, உறுதியான செய்திகளை மட்டும் பகிரவும், பிறர் மனம் புண்படப் பதிவிட வேண்டாம் என்று விதி எழுதியிருக்கிறது. நான் அதைக் காட்டி, இது நீங்கள் எழுதியதுதானே என்று கேட்டேன்.

"அது மெம்பருங்களுக்கு. நான் அட்மின்" என்றார். பிறகு என் தாயாரிடம், "அக்கா, பொண்ண ரொம்பப் படிக்க வச்சிட்டீங்க. வாய் நீளுது, பாத்துக்குங்க" என்றார். நாங்கள் வீடு திரும்புவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்.

அதன் பிறகு நான் ஜெயசங்கருக்கு ஓர் அஞ்சலிப் படம் செய்தேன். அவரே வெளியிட்டிருந்த பிறந்தநாள் படத்தை எடுத்து, அவர் வைப்பது போலவே மாலையும் குத்துவிளக்கும் வைத்தேன். மறைவுத் தேதியை எழுதாமல் விட்டேன். குடிப்பார் என்றோ வேறு குறையோ எதுவும் எழுதவில்லை. அதை எங்கும் பதிவிடவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. ஒரே ஒரு தாளில் அச்செடுத்து, வழியில் யார் கண்ணிலும் படாதபடி உறையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். "போடறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்ககிட்ட காட்டணும்ல, அதான் கொண்டாந்தேன் அண்ணே. தப்பு இருந்தா சொல்லுங்க" என்றேன். என்னுடைய மிரட்டல் என்று புகாரில் குறிப்பிடப்படுவது இந்த வார்த்தைகள்தாம்.

அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி பிரவீனா வந்து படத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது. "உயிரோட இருக்கறவனுக்கு மாலை போடுறியா? ஒனக்கு மரியாத தெரியாது?" என்று ஜெயசங்கர் கத்தினார். நான் வெளியே வந்தேன். அன்று மாலையே என் தந்தையின் படம் அந்தப் பக்கத்திலிருந்து காணாமல் போனது. குடிக்கவில்லை என்ற வரி இன்றுவரை வரவில்லை. என் தந்தை தினமும் காலையில் வேனைக் கழுவி, மறுபடியும் வாசலிலேயே நிறுத்திவைக்கிறார்.

வருத்தப்படுகிறாயா என்று சார்ஜன் கேட்டார். பிரவீனா அக்காவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். ஜெயசங்கரிடம் கேட்க மாட்டேன்.

அதன் பிறகு சார்ஜன் ஜெயசங்கரின் புகாரை எனக்குப் படித்துக் காட்டினார். உயிரோடு இருக்கும் ஜெயசங்கரை இறந்தவராகக் காட்டுவது அவருக்கும் அவர் மனைவிக்கும் தீராத மன உளைச்சலையும் ஊரில் தலைகுனிவையும் உண்டாக்கும் என்று அதில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஜெயசங்கர் என்ற பெயர் வரும் இடத்தில் மணியம் என்று மாற்றி, அந்த வாக்கியத்தை என் புகாராக இப்போதே பதிவு செய்துகொள்ளும்படி கேட்கிறேன்.

எழுதியதை முழுவதும் படிக்கக் கேட்டேன். நான் சொன்னதில் எதுவும் விடுபடவில்லை, சொல்லாதது எதுவும் சேரவில்லை. அனைத்தும் உண்மை என்று அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ம. லோஷினி

உடனிருந்தவர்: தாயார், சந்திரமதி