பம்புக்குப் பக்கத்தில் யார் நிற்பது?

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகத்தாரே, வேலை உடையோடு வந்து வாசல்வரை நிற்கும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் கறார் மேடத்தின் கணவரே, மகளே! உங்கள் எல்லோருக்கும் நம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பம்ப் ஹவுஸ் ஷிப்ட் பொறுப்பாளனின் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் அழுதுவிட்டு இறங்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது! நம் மேடம், தலைமைப் பராமரிப்புப் பொறியாளர், மாரடைப்பில் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் சூடான எண்ணெய்ப் பம்புக்கு ரப்பர் வளையம் வைத்த சீல் ஸ்டோரில் வந்து இறங்கிவிட்டது. அவர் இருந்தவரை கேட்டைத் தாண்டாத பொருள் அது.

வீட்டாருக்கும் புரியட்டும், சொல்கிறேன். பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் காப்பதுதான் சீல். அதில் இரண்டு முகங்கள் ஒட்டி நிற்கும். ஒன்று சுழலும், மற்றது அசையாது. விற்க வருகிறவர்கள் அந்த முகங்களின் பெருமையைத்தான் அளப்பார்கள். "தேயவே தேயாது மேடம்!" என்பார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முகம் நல்லாத்தான் இருக்கு. முதுகைக் காட்டுங்க" என்பார் மேடம். முகத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வளையம் எதனால் ஆனது? அதுதான் அவர் கேள்வி. முந்நூற்றைம்பது டிகிரி எண்ணெயில் ரப்பர் என்ன பாடுபடும்? இறுகி, வெடித்து, வழிவிட்டுவிடும். அந்தச் சூட்டில் எண்ணெய் வெளியே வந்தால் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் சூடு தாங்கும் கிராஃபைட் வளையமும் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான உலோகப் பெல்லோஸும் உள்ள சீலைத் தவிர எதையும் ஏற்க மாட்டேன் என்று நின்றார்.

"கிராஃபைட் வர மாசக்கணக்காகும், ரப்பர் நாளைக்கே கிடைக்கும்" என்றார் கொள்முதல் அதிகாரி. மேடம் ஒரு ரப்பர் வளையத்தை ஒர்க்‌ஷாப் அடுப்பில் அதே சூட்டில் போட்டுவைத்தார். அடுத்த கூட்டத்தில் அதை டீ சாசரில் வைத்து அதிகாரியின் முன் நகர்த்தினார். அவர் எடுத்ததும் பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்தது. "இங்க உடைஞ்சா சிரிச்சுக்கலாம் சார். பம்ப்ல உடைஞ்சா யார் வீட்டுல அழறது?" என்றார் மேடம். அந்த அதிகாரி இதோ இந்த மேடையில்தான் இருக்கிறார். சார், விரலில் ஒட்டிய கறுப்பு அதற்குள் மறந்துவிட்டதா?

குக்கர் வாங்கப் போனாலும் மூடியைத் திருப்பி ரப்பரைத்தான் முதலில் பார்ப்பார் என்று அவர் கணவர் நேற்று சொல்லிச் சிரித்தார். என் மேல் மேடம் எரிந்து விழாத வாரம் உண்டா? கிடையாது! ஆனால் புது சீல் போட்டு பம்பை முதலில் ஓட்டும்போது, எங்களையெல்லாம் தள்ளி நிறுத்திவிட்டு அவர் மட்டும் சீலுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். ஸ்விட்ச் என் கையில்.

"மேடம், தள்ளி வாங்க" என்று ஒருமுறை கெஞ்சினேன்.

"நான்தானே இதைத் தேர்ந்தெடுத்தேன்? நானே பயந்தா, உன் ஆளுங்களை எப்படி இங்க விடுவேன்? ஸ்விட்சைப் போடுப்பா."

தேர்ந்தெடுத்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் நமக்கு விட்டுப்போன சட்டம் இவ்வளவுதான்.

திங்கட்கிழமை அந்தப் புது சீலைப் போட்டு பம்பை ஓட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. ஸ்டோரில் இருக்கும் ரப்பரைத் தேர்ந்தெடுத்தவர் யார்? மேடம் நின்ற இடத்தில் வந்து நிற்பாரா? ஏன் சார், மேடையில் எல்லோரும் தலை குனிந்துகொள்கிறீர்கள்?

நீங்கள் நிற்க வேண்டாம். அந்த சீலை எங்கள் ஆட்கள் தொட மாட்டார்கள். நான் ஸ்விட்சைப் போட மாட்டேன். என்னை வேலையைவிட்டுத் தூக்கினாலும் சரி! கிராஃபைட் வரும்வரை அந்தப் பம்ப் நிற்கட்டும்.

மேடத்தின் மகளே, உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். சரியான சீல் வரும் அன்று உன் அம்மா நின்ற இடத்தில் நான் நிற்பேன். ஸ்விட்சை வேறு யாராவது போடட்டும்.