கம்பி தின்ற ஒட்டகம்

— தந்திக் கம்பியை ஒட்டகம் தின்னுடுச்சுன்னா சொல்றீங்க, அபூ ஃபர்ஹான்?

— முழுசா இல்ல, ஹன்னா எஃபெந்தி. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல இருந்ததை மட்டும். பாவம், பல்லு போன கிழடு.

— பல்லில்லாம இரும்புக் கம்பியையா?

— அதான் மெல்லல, அப்படியே முழுங்கிடுச்சு. இப்ப ஏப்பம் விட்டா டிக் டிக்னு தந்தி வருது. காலையில பஸ்ரா பேரீச்சம்பழ விலை சொல்லுச்சு. இறங்கியிருக்காம்.

— தந்தி குமாஸ்தா நான், இதைப் போய் கோட்டையில அந்த வெள்ளைக்காரக் கேப்டன்கிட்ட சொல்லட்டுமா?

— ஒட்டகத்தையே ஓட்டிட்டுப் போங்க. அவருக்கு ஏதும் சேதி வந்திருந்தா அதுவே ஒப்பிச்சிடும்.

— விளையாடாதீங்க. இந்தக் கம்பிக்குக் காவலே நீங்கதான். உங்க தம்பி மகன் மிஜ்பில் கொலைப் பழியில கோட்டைச் சிறையில கிடக்கான். அவனைத் தூக்குல போட பாக்தாத் உத்தரவு தந்தியில வரணும். வர்ற நேரம் பார்த்துக் கம்பி காணோம்!

— ஒட்டகத்துக்கு இதெல்லாம் எங்க தெரியும்? காப்பி ஆறுது, குடிங்க.

— குடிக்கல. கீழ வெச்சுட்டேன்.

— அடடா. மோசூல் பட்டணத்து ஆளுக்கு எங்க வழக்கத்தை யாரு சொல்லிக் குடுத்தா?

— பத்து வருஷமா உங்களுக்கு நடுவுல இருக்கேனே. விருந்தாளி காப்பியைத் தொடாம வெச்சா, அவன் கேட்டதைக் குடுத்தாகணும். இல்லேன்னா கூடாரத்துக்கே மானம் போச்சு.

— எஃபெந்தி... அறுத்தது யாருன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அதோ, மிஜ்பிலைப் பெத்தவ மாவு பிசையறா. பிசைஞ்ச மாவையே திரும்பத் திரும்பப் பிசையறா, பாருங்க.

— பார்த்தேன். மன்னிப்பு மனு ஏதும் போகுதா?

— என் மகன் ஃபர்ஹான் குதிரையில கொண்டு போறான். பாக்தாத் போய்ச் சேர ரெண்டு நாளாவது ஆகும். பையன் சுடவே இல்ல எஃபெந்தி, அல்லா சாட்சியா. அதைச் சொல்ல சாட்சிகளும் கூடப் போறாங்க.

— அதுவரைக்கும் உத்தரவு வராதுன்னு நினைக்கிறீங்களா?

— கம்பிதான் இல்லையே?

— இங்க நேரா வர்ற வடக்குக் கம்பிதான் இல்ல. பாக்தாத்லேருந்து பஸ்ராவுக்கு வேற வழியா ஒரு கம்பி போகுது. உத்தரவு அதுல சுத்திக்கிட்டு, தெற்குக் கம்பியில இங்க வந்துடும். என் காதுலதான் முதல்ல விழும். என் கையாலதான் எழுதிக் குடுக்கணும்.

— சரி, கேளுங்க. என்ன கேட்டாலும் குடுத்தாச்சு.

— பொழுது சாயறதுக்குள்ள அந்த ஒட்டகத்தைத் தெற்குப் பக்கம் மேய விடுங்க, அபூ ஃபர்ஹான். இன்னும் பசியாத்தான் இருக்கும்.