திருகுகள்ளி வேலி

வேலிக்குச் செடி தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது சார். நான் அவசரப்பட்டுத்தான் முதலில் செம்பருத்தி வைத்தேன். எமர்ஜென்சி முடிந்த வருடம் எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒரு படுக்கையறை, பின்னால் நல்ல அகலமான தோட்டம், ஓரத்தில் ஒரு வேப்பமரம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து வந்தவனுக்கு அதுவே ஜமீன் மாதிரி. நிலக்கரி மைன்ஸ் ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் தோட்டத்தில்தான் இருப்பேன்.

செம்பருத்தி பார்க்க அழகு. ஆனால் கையால் விலக்கினால் வழிவிட்டுவிடும். பெரியநாயகி விலக்கிக்கொண்டுதான் வந்தாள்.

அவள் எங்கள் பிளாக்கில் கான்ட்ராக்டில் தெரு கூட்டுகிறவள். மைன்ஸுக்கு நிலம் எடுத்து டவுன்ஷிப் கட்டுவதற்கு முன்னால் என் குவார்ட்டர்ஸ் நிற்கிற இடம் அவர்கள் கொல்லையாம். வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல் இருந்தது. பச்சைவாழியம்மன் என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு சொம்புத் தண்ணீரும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு வருவாள். என்னிடம் கேட்டதில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் கூட என்னிடம் கேட்டதில்லை.

நான் சாமி இல்லாதவன் இல்லை. என் பெயரே இசக்கிமுத்து. எங்கள் சாமி எங்கள் ஊரில் இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை லீவு போட்டு, ரயிலேறிப் போய்க் கும்பிடுகிறேன். அடுத்தவன் வீட்டுக் கொல்லையில் போய் நிற்பதில்லை.

என் மனைவி சந்திரா அவளுக்குக் காப்பி கொடுக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து பேசுவார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. காது மட்டும் சூடாகும்.

செம்பருத்தியைப் பிடுங்கிவிட்டு மருதாணி வைத்தேன். மருதாணி நெருக்கமாக வளரும், கிளை கையைக் கீறும். அவள் கீறிக்கொண்டு வந்தாள். போகும்போது மகளுக்கென்று ஒரு கொத்து இலையும் பறித்துக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் நேராகச் சொன்னேன், இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று.

அவளுக்கும் கோபம் வந்தது. "எங்க மாமியாரு காலத்துலேர்ந்து இங்கதாங்க கும்புட்டுகினு வர்றோம். வேலிய நீங்க போடுங்க, வேணாங்கல. ஒரு ஆளு பூர்ற அளவுக்கு வுடுங்க."

"இது என் குவார்ட்டர்ஸ்."

"நீங்க ரிட்டயர் ஆனா பொட்டிய கட்டிகினு ஊருக்குப் பூடுவீங்க. நாங்க எங்க சார் போவோம்?"

பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரு கூட்டுகிறவள் என்னை வாடகைக்காரன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அதில் பொய் இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது திருகுகள்ளி கொண்டுவந்தேன். எங்கள் பக்கத்தில் புஞ்சைக்கு அதுதான் வேலி. ஆடு மாடு தொடாது, எந்த மண்ணிலும் வரும். ஒடித்தால் பால் வரும். என்னோடு படித்த ஒருவனுக்கு அந்தப் பால் பட்டு ஒரு கண் போனது. உடனே கழுவியிருந்தால் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக அவன் அப்பா சொல்லிச் சொல்லி அழுவார்.

கள்ளி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. அவள் வேலிக்கு வெளியே நின்றபடியே கற்பூரம் ஏற்றிவிட்டுப் போக ஆரம்பித்தாள். அதோடு நான் விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அவள் வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டுச் சந்திரா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். என் வீட்டில் என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள் சார். அதற்கு யார் பதில் சொல்வது?

சந்திரா கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை, பெரியநாயகியை நானே வீட்டு வழியாகத் தோட்டத்துக்குள் கூப்பிட்டேன். நீயே வெட்டி வழி செய்துகொள் என்று அரிவாளைக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் செடியைப் பார்த்துத் தயங்கினாள்.

"கள்ளிங்களே சார். பாலு தெறிக்குமே."

"கோடைக்குப் பால் வற்றிப்போயிருக்கும். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைங்களே வெட்டும்."

அதற்கு முந்தின வாரம் முழுக்க அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தேன்.

அவள் அண்ணாந்து உச்சிக் கொம்பை வெட்டினாள். இரண்டாவது வெட்டிலேயே அரிவாளைப் போட்டுவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது இன்னும் உள்ளே போகும். "சார், தண்ணி குடுங்க சார், தண்ணி" என்றாள். தோட்டக் குழாயைத் திறந்து காட்டினேன். அது தண்ணீர் வருகிற நேரமில்லை, காற்றுதான் வந்தது. அவள் அதன் கீழே கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

குளியலறைத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. நான்தான் பிடித்து வைத்திருந்தேன்.

அவள் கத்தி ஓய்ந்த பிறகு ஒரு ஜீப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரண்டு கண்ணும் போய்விட்டது. பிளாக்கில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அவளே வருகிறவர்களிடமெல்லாம், "சாருதான் ஓடியாந்து தூக்கிகினு போனாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சந்திரா திரும்பி வந்ததும் விஷயத்தைக் கேட்டாள். குளியலறைக்குப் போய் வந்தாள்.

"தொட்டி நெறைய தண்ணி கெடக்கே," என்றாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் கோவில்பட்டிக்கு ரயிலேறிவிட்டாள்.

ஆமாம் சார். திட்டமிட்டுத்தான் செய்தேன். அவள் கண் போக வேண்டும் என்றுதான் செய்தேன். யாரும் அடித்துக் கேட்கவில்லை, நானாக ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன். ஏனென்றால் நேற்று வெள்ளிக்கிழமை. மகள் பாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். ஒரு கையால் வேலியைத் தடவித் தடவி வெட்டின இடத்தைக் கண்டுபிடித்து, கொம்புகளை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, மரத்தடியில் கற்பூரம் ஏற்றினாள். நான் இருப்பது காலடிச் சத்தத்தில் தெரிந்து, என் பெயரைச் சொல்லி எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள்.

என் மேல் என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் வந்தது அதற்காக இல்லை. ஒரு பொம்பளை என்னைக் கேட்காமல் என் தோட்டத்துக்குள் வந்து போகிறாள். அவள் மேல் ஒரு புகார் கொடுக்க வேண்டும்.